பால்த்ருஷைட்டிஸை எதுவரை நம்பலாம்?

பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் லக்கானைப் பற்றிய ஒரு கட்டுரையில், 16-ம் நூற்றாண்டு ஜெர்மன் ஓவியர் ஹோல்பைன் வரைந்த 'தூதர்கள்' ஓவியம் பேசப்படும் இடத்தில், "நாடிழந்த லிதுவேனியக் கலை வரலாற்றாசிரியர் பால்த்ருஷைட்டிஸ்" என்று ஒரு வரி வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். தேடினால் ஒரு கவிஞரைப் பற்றிய தகவல்தான் கிடைக்கிறது, இவர் யார் என்று கேட்கிறீர்கள். அதோடு இன்னும் இரண்டு கேள்விகள்: சொந்த நாட்டை இழந்ததால்தான் கோணலான, திரிந்த உருவங்களை வாழ்நாள் முழுக்கத் துரத்தினாரா? அவர் சொன்னவை இன்றைக்கும் நிற்கின்றனவா? யார் என்று சொல்வது எளிது. கடைசி இரண்டையும்தான் உங்கள் உண்மையான கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன். நுண்கலை மாணவர்களுக்கு ஐரோப்பிய மத்தியகாலக் கலையைப் பல வருடங்கள் பாடமாக நடத்தியவன் நான். அவருடைய பிரெஞ்சு நூல்களோடு எனக்கு நல்ல பழக்கம் உண்டு. லிதுவேனிய மொழி தெரியாது. அந்த மொழியில் அவர் எழுதியவற்றைப் பற்றி மதிப்பீடு எதுவும் இங்கே சொல்லப் போவதில்லை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். யுர்கிஸ் பால்த்ருஷைட்டிஸ் என்ற பெயரில் இரண்டு பேர், அப்பாவும் மகனும். உங்கள் தேடலில் வந்தவர் அப்பா (1873–1944). ரஷ்ய மொழியிலும் பிற்காலத்தில் லிதுவேனிய மொழியிலும் எழுதிய குறியீட்டுக் கவிஞர். தாகூரின் படைப்புகள் ரஷ்ய மொழிக்குப் போனதில் பதிப்பாசிரியராக அவருக்குப் பங்குண்டு. முதல் உலகப் போருக்குப் பிறகு லிதுவேனியா சுதந்திர நாடானபோது மாஸ்கோவில் அதன் தூதராகி, 1939 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். சோவியத் நாட்டிலிருந்து வெளியேற வழி தெரியாமல் நின்ற பல கலைஞர்களுக்கு அவர் உதவியிருக்கிறார். ஓவியர் ஷகால் 1922-ல் மாஸ்கோவை விட்டு லிதுவேனியத் தலைநகரமாக இருந்த கௌனாஸ் வழியாக வெளியேறியதில் அவர் கை இருந்தது. மகன் 1903-ல் மாஸ்கோவில் பிறந்தவர். 1914-ல் பதினோரு வயதுப் பையனாக இருந்தபோது அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர், பின்னாளில் புகழ்பெற்ற ரஷ்ய எழுத்தாளரான இளைஞர் போரிஸ் பாஸ்டர்நாக். பையனுக்குச் சின்ன வயதிலேயே ரஷ்யன், லிதுவேனியன், பிரெஞ்சு, ஜெர்மன் எல்லாம் காதில் விழுந்துகொண்டிருந்த வீடு அது. இனி நான் பால்த்ருஷைட்டிஸ் என்று சொல்வதெல்லாம் மகனைத்தான்.

1920-களில் பாரிசுக்குப் படிக்க வந்தார். சோர்போன் பல்கலைக்கழகத்தில் ஆன்ரி ஃபோசியோன் என்ற பேராசிரியரிடம் சேர்ந்தார். அந்தத் தலைமுறையில் பிரான்சின் மிகப் பெரிய கலை வரலாற்று ஆசான் ஃபோசியோன்தான். ஒரு கலைவடிவத்துக்கு அதற்கே உரிய உள்வாழ்வு உண்டு, அது தன் விதிகளின்படி வளரும், மாறும் என்பது அவருடைய அடிப்படைக் கொள்கை. பால்த்ருஷைட்டிஸ் அவருக்கு மாணவர் மட்டுமல்ல, பிறகு அந்தக் குடும்பத்துக்கே மருமகனும் ஆனார். ஃபோசியோனின் மனைவிக்கு முன்பே பிறந்திருந்த மகள் எலென்தான் அவர் மணந்த பெண். ஆசானின் நிழலில் வாழ்ந்தவர் என்று சிலர் இதை வைத்துக் குறைத்துப் பேசுவதுண்டு. நூல்களைப் படித்தால் அப்படித் தோன்றாது. ஆசான் பொதுவாகச் சொன்னதை மாணவர் நூற்றுக்கணக்கான தூண்தலைச் சிற்பங்களில் ஒவ்வொன்றாக வைத்துச் சோதித்தார்.

சோவியத் எல்லைக்குள் இருந்த ஜார்ஜியாவுக்கும் ஆர்மீனியாவுக்கும் போய் அங்குள்ள தேவாலயச் சிற்பங்களை ஆராய்ந்து 1929-ல் ஒரு நூல் வெளியிட்டார். தந்தை மாஸ்கோவில் தூதராக இருந்ததை நினைத்தால் இந்தப் பயணம் எப்படிச் சாத்தியமானது என்று ஓரளவு ஊகிக்கலாம். 1931-ல் வந்தது அவருடைய முனைவர் பட்ட நூல். கோதிக்குக்கு முந்தைய மத்தியகால ஐரோப்பியப் பாணியான ரோமானெஸ்க் சிற்பத்தின் அலங்கார முறையைப் பற்றியது. அவருடைய பிற்கால எழுத்து அத்தனைக்கும் விதை அங்கேதான் கிடக்கிறது. அதனால் அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

11, 12-ம் நூற்றாண்டுத் தேவாலயங்களின் தூண்தலைகளிலும் வாசல் வளைவுகளிலும் மனிதர்களும் மிருகங்களும் விசித்திரமாக வளைந்து, முறுகி, ஒன்றின் வால் இன்னொன்றின் வாயாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிற்பிக்கு உடற்கூறு தெரியவில்லை, அதனால் கோணலாகச் செய்தான் என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு கூட்டம் அது கனவு, மனப்பிராந்தி என்றது. பால்த்ருஷைட்டிஸ் அந்தச் சிற்பங்களைக் கோட்டுருவமாக வரைந்து, அடியில் ஒளிந்திருக்கும் அலங்கார வடிவத்தை எடுத்துக் காட்டினார். இரண்டு சிங்கங்கள் முதுகை ஒட்டி நின்று தலையைத் திருப்பினால், அங்கே ஒரு விரிந்த பனையோலை அலங்காரம் இருக்கிறது. ஒரு மனிதன் காலை மடக்கிக் கைகளை விரித்தால், அங்கே ஒரு கொடிச்சுருள் இருக்கிறது. கல்லின் எல்லை ஒரு வடிவத்தைக் கேட்கிறது, அலங்காரம் அதை நிரப்புகிறது, உயிர்கள் அந்த அலங்காரத்துக்குள் நுழையும்போது வளைந்துகொடுக்கின்றன. பிரான்சின் ஓத்தன் நகரத் தேவாலயத்தின் ஏவாள் சிற்பத்தை இதற்கு நல்ல உதாரணமாக நான் வகுப்பில் காட்டுவேன். நின்றபடி பழம் பறிக்க வேண்டியவள் செடிகளுக்குள் நீந்துவதைப் போலப் படுக்கைவாட்டில் கிடக்கிறாள். அவள் இருந்த இடம் வாசலின் மேல் கிடந்த உத்தரக் கல். நிற்க அங்கே இடமில்லை.

இந்த நூலின் அடிப்படைக் கவனிப்பு உறுதியானது. சிற்பங்களுக்கு அடியில் அலங்கார ஒழுங்கு இருக்கிறது என்பதை அதற்குப் பிறகு யாராலும் மறுக்க முடியவில்லை. ஆனால் இதை எல்லாவற்றுக்கும் விளக்கமாக ஆக்கியபோது எதிர்ப்பு வந்தது. அந்த எதிர்ப்பைப் பதிவு செய்தவர் அமெரிக்காவின் மேயர் ஷாப்பிரோ. 1932–33-ல் அவர் ஒரு ஜெர்மன் இதழில் எழுதிய விமர்சனம் இன்றும் மாணவர்கள் படிக்க வேண்டிய ஒன்று. ஷாப்பிரோவுக்கும் லிதுவேனியத் தொடர்பு உண்டு. 1904-ல் அங்குள்ள ஷௌலேய் நகரில், யூதக் குடும்பத்தில் பிறந்து, குழந்தையாகவே நியூயார்க்குக்குப் போனவர். ஒரு வருட இடைவெளியில் பிறந்த இருவர், ஒருவர் பாரிசிலும் மற்றவர் நியூயார்க்கிலும் இருந்துகொண்டு பிரெஞ்சுக் கிராமத் தேவாலயங்களைப் பற்றி வாதாடியிருக்கிறார்கள்.

ஷாப்பிரோ கேட்டது இதுதான்: எந்தச் சிற்பத்தை எடுத்தாலும் அதற்குள் ஒரு வடிவச் சட்டகத்தைக் கோடு போட்டுக் காட்டிவிடலாம், அப்படியிருக்க அந்தச் சட்டகம் சிற்பியின் மனதில் இருந்ததா, ஆய்வாளரின் பென்சிலில் இருந்ததா? சிற்பம் எதைச் சொல்ல வந்தது, யார் செய்யச் சொன்னார்கள், அந்தச் சிற்பி பக்கத்து ஊர்ச் சிற்பியிடமிருந்து எங்கே வேறுபடுகிறான் என்பதெல்லாம் இந்த முறையில் எங்கே போனது? என் கணிப்பில் இந்த வாதத்தில் ஷாப்பிரோவின் பக்கம்தான் வலு அதிகம். பால்த்ருஷைட்டிஸின் சட்டகங்கள் தூண்தலைகளுக்கு நன்றாகப் பொருந்துகின்றன. பெரிய கதைச் சிற்பங்களுக்கு வரும்போது பல இடங்களில் இழுத்துப் பொருத்திய மாதிரி இருக்கிறது. இதைச் சொன்ன பிறகும், ஒரு ரோமானெஸ்க் தூண்தலையைப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான் என்பதையும் சொல்ல வேண்டும். தன் கருத்தை அவர் கைவிடவும் இல்லை. 1986-ல் அதே நூலைத் திருத்தி 'உருவாதலும் உருத்திரிதலும்' என்ற பொருள்படும் புதிய தலைப்போடு வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 80-ஐத் தாண்டியிருந்தது.

1930-களில் அவர் பாரிசுக்கும் கௌனாஸுக்கும் இடையில் போய்வந்துகொண்டிருந்தார். கௌனாஸின் வீட்டவுட்டஸ் மாக்னஸ் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்தார், உலகக் கலை வரலாற்றை இரண்டு தொகுதிகளாக லிதுவேனிய மொழியில் வெளியிட்டார். பாரிசில் லிதுவேனியத் தூதரகத்தின் கலாசாரப் பணியிலும் இருந்தார். 1939-ல் தந்தை மாஸ்கோவை விட்டுப் பாரிசுக்கு வந்து சேர்ந்தார். 1940 ஜூனில் சோவியத் படைகள் லிதுவேனியாவுக்குள் நுழைந்தன, ஆகஸ்டில் நாடு சோவியத் ஒன்றியத்தோடு இணைக்கப்பட்டது. அதே கோடையில் பாரிஸ் ஜெர்மானியர் கையில் விழுந்தது. லிதுவேனியத் தூதரகக் கட்டடம் சோவியத் வசம் போனது. இரண்டு மாதங்களுக்குள் அவர் படித்த ஊரும் அவருடைய நாடும் இரண்டு வெவ்வேறு படைகளிடம் போயின. ஃபோசியோன் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்தார், 1943-ல் நியூஹேவனிலேயே காலமானார். தந்தை 1944 ஜனவரியில் பாரிசில் இறந்தார்.

போருக்குப் பிறகு பால்த்ருஷைட்டிஸ் நாடுகடந்த லிதுவேனியர்களின் அரசியல் அமைப்புகளுக்காகப் பாரிசில் வேலை செய்தார். இணைப்பைச் சட்டப்படி ஏற்றுக்கொள்ளாத நாடுகளில் பிரான்சும் ஒன்று என்பதால் அந்த வேலைக்கு அங்கே ஒரு பொருள் இருந்தது. நாடே வரைபடத்தில் இல்லாதபோது அதன் பிரதிநிதியாக நிற்பது என்றால் மனுக்கள், கூட்டங்கள், அறிக்கைகள், அலுவலக வாசல்களில் காத்திருப்பு. மத்தியகாலப் பேய்களைப் பற்றி நூல் எழுதிய அதே வருடங்களில் இதையும் ஒருவர் செய்துகொண்டிருந்தார் என்பதை அவருடைய பிரெஞ்சு வாசகர்களில் பலர் கவனித்ததில்லை. 1988 ஜனவரி 25-ல் பாரிசில் காலமானார். லிதுவேனிய விடுதலை இயக்கமான சாயூடிஸ் அதே வருடம் ஜூனில் தொடங்கியது. 1990 மார்ச் 11-ல் நாடு சுதந்திரத்தை மீண்டும் அறிவித்தது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. நாடிழந்தவர், அதனால் உருக்குலைந்த வடிவங்களின் மேல் ஈர்ப்பு: கேட்க அழகாக இருக்கிறது, பல அறிமுகக் கட்டுரைகளிலும் இந்தத் தொனி உண்டு. ஆனால் தேதிகள் ஒத்துவரவில்லை. உருத்திரிபு என்ற எண்ணம் 1931 நூலிலேயே முழுதாக இருக்கிறது. அப்போது அவருக்கு நாடு இருந்தது, தந்தை அதன் தூதர், கையில் கடவுச்சீட்டு. அந்த ஈர்ப்பு வந்த இடம் ஃபோசியோனின் வகுப்பும் ஜார்ஜிய, ஆர்மீனியத் தேவாலயங்களின் கல்லும்தான். துயரத்தை வைத்து ஓர் ஆய்வாளரின் சிந்தனையை விளக்குவது அவருக்கு மரியாதை செய்வதைப் போலத் தெரியும், உண்மையில் அந்தச் சிந்தனைக்குப் பின்னாலிருந்த உழைப்பை அது மறைத்துவிடுகிறது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அப்படியானால் நாடிழப்பு அவர் வேலையைத் தொடவே இல்லையா? தொட்டது, வேறு வகையில். போருக்கு முன் அவர் எழுதியவை நேரில் போய்ப் பார்த்த கட்டடங்களையும் சிற்பங்களையும் சுற்றி நிற்கின்றன. ஜார்ஜியா, ஆர்மீனியா, அதன்பின் சுமேரியக் கலைக்கும் ரோமானெஸ்க் கலைக்கும் உள்ள ஒற்றுமைகள் பற்றி 1934-ல் ஒரு நூல், ஆர்மீனியாவில் கூரையைத் தாங்கும் விலா வளைவுகள் கோதிக் கட்டடக்கலைக்கு முன்னோடியா என்று 1936-ல் ஒன்று. 1940-க்குப் பிறகு நிலைமை வேறு. சோவியத் அரசு விழுங்கிவிட்ட ஒரு நாட்டின் பெயரால் பேசிக்கொண்டிருந்தவர் ஜார்ஜியாவுக்கும் ஆர்மீனியாவுக்கும் கள ஆய்வுக்குப் போவது நடக்கிற காரியமில்லை. இதற்குப் பிறகு வந்த பெரிய நூல்கள் நூலகத்தில் பிறந்தவை: கையெழுத்துச் சுவடிகளின் ஓரச் சித்திரங்கள், 17-ம் நூற்றாண்டு ஒளியியல் நூல்கள், பயணக் குறிப்புகள், மறந்துபோன அறிஞர்களின் கனத்த லத்தீன் தொகுதிகள். களத்திலிருந்து நூலகத்துக்கு அவர் நகர்ந்ததில் எல்லை மூடப்பட்டதற்கும் பங்கு இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். அவருடைய நூல்பட்டியலின் வரிசையைப் பார்த்து வந்த ஊகம்தான், ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தடயமும் இருக்கிறது, அதில் ஊகம் தேவையில்லை. 1948-ல் மியூனிக்கில், லிதுவேனிய நாட்டுப்புறக் கலை பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அந்த நேரத்தில் போரால் இடம்பெயர்ந்த ஆயிரக்கணக்கான லிதுவேனியர்கள் ஜெர்மனியின் முகாம்களில் இருந்தார்கள். சாலையோர மரச்சிலுவைகள், கன்னத்தில் கைவைத்து அமர்ந்திருக்கும் துயர கிறிஸ்து உருவம், தச்சர்கள் செதுக்கிய புனிதர்கள் எனத் தன் நாட்டின் மரக்கலையை, அந்த நாட்டின் பெயரே உலகின் கண்ணிலிருந்து மறைந்துகொண்டிருந்த நேரத்தில், உலகம் படிக்கும் மொழியில் பதிவு செய்தார். அவருடைய புகழ்பெற்ற நூல்களோடு ஒப்பிட்டால் சிறியது. நாடிழந்தவராக அவர் எழுதிய நூல் எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

சரி, ஹோல்பைனுக்கு வருவோம். உங்களை இங்கே கொண்டுவந்தது அதுதானே. 1955-ல் வெளிவந்த 'அனமார்ஃபோசிஸ்' நூல்தான் பால்த்ருஷைட்டிஸை உலகறியச் செய்தது. நேராகப் பார்த்தால் புரியாத கிறுக்கலாகவும், ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நின்றாலோ வளைந்த கண்ணாடியில் பார்த்தாலோ தெளிவான உருவமாகவும் தெரியும் படங்களுக்குத்தான் அனமார்ஃபோசிஸ் என்று பெயர். சாலையில் வாகன ஓட்டிகளுக்காக எழுதும் எழுத்துகளை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் அநியாயத்துக்கு நீண்டிருக்கும், ஓட்டுநரின் இருக்கையிலிருந்து சரியாகத் தெரியும். அந்தக் கணக்குதான். லியனார்தோ 1480-களிலேயே இப்படி ஒரு கண்ணையும் ஒரு குழந்தை முகத்தையும் நீட்டி வரைந்து பார்த்திருக்கிறார்.

ஹோல்பைனின் ஓவியம் 1533-ம் வருடத்தது, லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஏறத்தாழ இரண்டு மீட்டர். இடப்புறம் எட்டாம் ஹென்றியின் அரசவைக்கு வந்த பிரெஞ்சுத் தூதர் ழான் த தெந்த்வீல், வலப்புறம் அவர் நண்பரும் ஆயருமான ழோர்ஜ் த செல்வ். நடுவில் இரண்டு தட்டுள்ள மேசை, அதில் வானியல் கருவிகள், உலக உருண்டை, நரம்பு அறுந்த ஒரு வீணை போன்ற வாத்தியம், திறந்த பாட்டுப் புத்தகம். இடது மேல் மூலையில் பச்சைத் திரைக்குப் பின்னால் பாதி மறைந்த சிலுவை. இவர்கள் காலடியில் தரைக்கு மேல் சாய்வாக மிதக்கும் ஒரு வெளிறிய நீள்வடிவம். படத்தின் வலப்பக்கமாகச் சுவரை ஒட்டி நின்று பார்த்தால் அது மண்டையோடு.

மண்டையோட்டைக் கண்டுபிடித்தவர் பால்த்ருஷைட்டிஸ் என்று சில இடங்களில் எழுதியிருப்பார்கள், அது தவறு. அது மண்டையோடு என்பது முன்பே தெரியும். அவர் செய்தது அதை ஒரு நாடகமாக வாசித்தது. முதல் காட்சியில் பார்வையாளர் ஒரு கதவு வழியாக உள்ளே வந்து, எதிரே இரண்டு பேரையும் அவர்களுடைய ஆடம்பரத்தையும் அறிவுக் கருவிகளையும் காண்கிறார். காலடியில் கிடக்கும் அந்தப் பொருள் மட்டும் என்னவென்று பிடிபடவில்லை. குழப்பத்தோடு பக்கத்துக் கதவு வழியாக வெளியேறும்போது கடைசியாக ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார். இரண்டாம் காட்சி: அந்தக் கோணத்தில் மனிதர்களும் கருவிகளும் நசுங்கி மறைய, மண்டையோடு மட்டும் எழுந்து நிற்கிறது. இது அற்புதமான வாசிப்பு. லக்கான் 1964-ம் வருடக் கருத்தரங்கில் இந்த ஓவியத்தை எடுத்துப் பேசியபோது கையில் இருந்தது இந்த நூல்தான், கேட்டுக்கொண்டிருந்தவர்களையும் படிக்கச் சொன்னார். பார்வை என்பது நம்மிடம் மட்டும் இல்லை, படமும் நம்மைப் பார்க்கிறது என்ற அவருடைய வாதத்துக்கு இந்த மண்டையோடு வாகாக அமைந்தது.

இதில் எது உறுதி? மண்டையோடு உறுதி. அதைப் பார்க்க வேண்டிய கோணம் வடிவியல் கணக்கு என்பதால் அதுவும் உறுதி. ஓவியத்தில் மரண நினைவும் மத நெருக்கடியின் சாயலும் இருப்பதை எல்லோரும் ஏற்கிறார்கள். உறுதியில்லாதது அந்த இரண்டு கதவுகள். ஓவியம் போலிசி என்ற ஊரில் இருந்த தெந்த்வீலின் மாளிகைக்காகச் செய்யப்பட்டது. அங்கே அது எந்த அறையில், எந்த உயரத்தில், எந்தக் கதவுக்கு எதிரே இருந்தது என்பதற்குச் சான்று இல்லை. மாடிப்படியில் இறங்கும்போது பார்க்கச் செய்தது என்று சொன்னவர்கள் உண்டு. கண்ணாடிக் குழாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றே பார்க்கலாம் என்று 1960-களில் ஒருவர் செய்துகாட்டினார். பால்த்ருஷைட்டிஸின் நாடகம் இவற்றில் மிக அழகானது, அது மட்டுமே அதற்குச் சான்றாகிவிடாது. இணையத்தில் அதையே வரலாற்று உண்மையாக எழுதிவைத்திருப்பதைப் பார்க்கும்போது சங்கடமாக இருக்கிறது.

ஹோல்பைனைத் தாண்டி அந்த நூலில் இன்னொரு பகுதி இருக்கிறது. அங்கே அவர் இன்னும் உறுதியான தரையில் நிற்கிறார், ஆனால் அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. 17-ம் நூற்றாண்டில் மினிம் என்ற துறவியர் சபையைச் சேர்ந்த கணித அறிஞர்கள் இந்தக் கலையை ஒரு விஞ்ஞானமாகவே வளர்த்தார்கள். பாரிசில் ழான்-ஃபிரான்சுவா நிஸ்ரோன் என்ற இளம் துறவி 1638-ல் இதற்கான கட்டம் போடும் முறைகளை நூலாக எழுதினார், 33 வயதில் 1646-ல் இறந்துபோனார். ரோமில் அதே சபையின் மடத்தில் எம்மானுவேல் மேன்யான் 1642-ல் ஒரு நீண்ட நடைகூடத்தின் சுவரில் ஓர் ஓவியம் வரைந்தார். நடைகூடத்தின் முனையில் நின்று பார்த்தால் பவுலாவின் புனித பிரான்சிஸ் மரத்தடியில் மண்டியிட்டு ஜெபிக்கிறார். நடந்து வந்து அதே சுவருக்கு நேர் எதிரே நின்றால் துறவியைக் காணோம். அவருடைய அங்கியின் மடிப்புகளெல்லாம் மலைகளும் கடற்கரையும் ஆகிவிட, நடுவே ஒரு விரிகுடா, அதில் படகுகள். மெசினா நீரிணையைத் தன் மேலாடையை விரித்து அதன் மேல் நின்று கடந்தவர் என்பது அந்தப் புனிதரைப் பற்றிய கதை. ஒரே சுவரில் மனிதரும் அவர் கடந்த கடலும்.

கணித அறிஞர் மெர்சென் இதே சபையைச் சேர்ந்தவர், தத்துவவாதி தேகார்த்தின் நெருங்கிய நண்பர். புலன்கள் நம்மை ஏமாற்றுமா என்ற கேள்வி தத்துவத்தின் நடுவில் வந்து நின்ற அதே காலத்தில், அதே வட்டத்தில் இந்தப் படங்கள் பிறந்தன என்று பால்த்ருஷைட்டிஸ் காட்டினார். வேடிக்கைப் பொருள் என்று கலை வரலாறு ஒதுக்கிவைத்ததைச் சிந்தனையின் வரலாற்றுக்குள் கொண்டுவந்ததுதான் அவர் சாதித்ததில் பெரியது என்று நினைக்கிறேன். நூலின் பெயர்களும் தேதிகளும் பின்னால் வந்தவர்களால் சில இடங்களில் திருத்தப்பட்டிருக்கலாம், இந்த இணைப்பு நிற்கிறது. அவரே இதைத் திருத்திக்கொண்டே இருந்தார். 1969-லும் 1984-லும் விரிவாக்கிய பதிப்புகள் வந்தன.

அதே 1955-ல் வந்த இன்னொரு நூல், மத்தியகாலத்தின் விந்தை உருவங்களைப் பற்றியது. அவரை எதுவரை நம்பலாம் என்பது இந்த நூலில்தான் நன்றாகப் புரியும், ஏனென்றால் வலுவான வாதமும் பலவீனமான வாதமும் இதில் அடுத்தடுத்த அத்தியாயங்களில் உட்கார்ந்திருக்கின்றன. வலுவானது: தலைக்குக் கீழே நேராகக் கால் முளைத்த, வயிற்றில் இன்னொரு முகம் உள்ள உருவங்கள் 13, 14-ம் நூற்றாண்டுச் சுவடி ஓரங்களில் திடீரெனப் பெருகுகின்றன. இவை கிரேக்க, ரோமானியக் காலத்து மணிக்கற்களில் செதுக்கிய 'கிரில்லி' என்னும் உருவங்களிலிருந்து வந்தவை என்றார். இங்கே வழி தெரிகிறது. அந்தப் பழைய மணிக்கற்கள் மத்தியகாலத்தில் கைமாறிக்கொண்டிருந்தன, புனிதர்களின் எச்சங்களை வைக்கும் திருப்பண்டப் பேழைகளில் பதிக்கப்பட்டன, பிரபுக்களும் ஆயர்களும் அவற்றை முத்திரையாக மெழுகில் அழுத்தினார்கள். ஓவியர்கள் கண்ணில் பட்டிருக்கக்கூடிய பொருள் அது.

பலவீனமானது, அல்லது குறைந்தபட்சம் நிரூபிக்கப்படாதது: வௌவால் சிறகு. முந்தைய கிறிஸ்தவக் கலையில் பேய்களுக்குப் பறவைச் சிறகுதான், விழுந்த தேவதூதர்கள் அல்லவா. 13-ம் நூற்றாண்டிலிருந்து வௌவால் சிறகு வருகிறது. இத்தாலியக் கவிஞர் தாந்தேயும் தன் லூசிஃபருக்கு (சாத்தானுக்கு) இறகில்லாத வௌவால் சிறகையே கொடுத்தார். இந்த மாற்றம் சீனத்திலிருந்து, மங்கோலியப் பேரரசு திறந்துவிட்ட பாதைகளின் வழியே வந்தது என்பது பால்த்ருஷைட்டிஸின் வாதம். பாதை இருந்தது, அதில் சந்தேகமில்லை. 1254-ல் மங்கோலியத் தலைநகரான காரகோரத்துக்குப் போன பிரான்சிஸ்கன் துறவி ரூப்ரக், அங்கே கானுக்காக வெள்ளி மரம் செய்துகொடுத்த பாரிஸ் பொற்கொல்லர் ஒருவரையே சந்தித்தார். சீனப் பட்டு இத்தாலிக்கு வந்தது. ஆனால் குறிப்பிட்ட ஒரு சீனப் பேய்ச் சித்திரம் குறிப்பிட்ட ஓர் ஐரோப்பியப் பட்டறைக்கு வந்ததைக் காட்டும் பொருள் அவர் கையில் இல்லை. வௌவால் ஐரோப்பிய இரவிலும் பறக்கிறது. இருட்டின் உயிருக்கு அதன் சிறகைக் கொடுக்க ஓர் ஓவியனுக்குச் சீனா வரை போக வேண்டியதில்லை. பெரும்பாலான ஆய்வாளர்கள் இந்த அத்தியாயங்களைத் தூண்டிவிடும் ஒப்பீடுகளாக மதிக்கிறார்கள், நிரூபணமாக எடுத்துக்கொள்வதில்லை. நானும் அப்படித்தான். பக்கத்துப் பக்கமாக இரண்டு படங்களை வைக்கும்போது அவற்றின் ஒற்றுமை கண்ணை நிரப்பிவிடுகிறது, இடையில் இருக்கும் ஆயிரக்கணக்கான மைல் மறந்துபோகிறது. 1934-ம் வருட சுமேரிய நூலிலும் இதே பலவீனம் இருக்கிறது, அங்கே இடைவெளி தூரத்தோடு மூவாயிரம் வருடமும்.

பிற்கால நூல்களில் இந்தச் சிக்கல் ஏறக்குறைய மறைந்துவிடுவதைக் கவனிக்க வேண்டும். 1957-ல் வந்த 'பிறழ்வுகள்' நூலில் மனித முகத்தில் மிருகத்தைப் பார்த்தவர்கள், கல்லின் கோலங்களில் ஊரையும் காட்டையும் பார்த்தவர்கள், கோதிக் தேவாலயம் காட்டு மரங்களைப் பார்த்துக் கட்டியது என்று நம்பியவர்கள், தோட்டத்துக்குள் தூர தேசங்களைக் கட்டியவர்கள் வருகிறார்கள். 1967-ல் வந்தது எகிப்தியப் பித்தைப் பற்றியது: பாரிஸ் என்ற பெயரே ஐசிஸ் என்ற எகிப்தியத் தேவதையிடமிருந்து வந்தது என்று நம்பிய அறிஞர்களும், எகிப்திலிருந்துதான் இந்தியாவும் சீனமும் மதம் பெற்றன என்று எழுதிய 17-ம் நூற்றாண்டு ஜெர்மன் துறவி அத்தனாசியஸ் கிர்ஷரும் அதில் உண்டு. 1978-ல் கண்ணாடிகளைப் பற்றி ஒன்று, ஆர்க்கிமிடீஸ் கப்பல்களை எரித்ததாகச் சொல்லும் கண்ணாடியும் அலெக்சாந்திரியா கலங்கரை விளக்கத்தின் கண்ணாடியும் அங்கே வருகின்றன. இவற்றில் எல்லாம் 'இது அதிலிருந்து வந்தது' என்று அவர் வாதாடுவதில்லை. அப்படி வாதாடியவர்களின் வரலாற்றை எழுதுகிறார். தவறான நம்பிக்கைக்கும் ஒரு தர்க்கம் உண்டு, அது ஒரு நூலிலிருந்து இன்னொன்றுக்கு வளர்ந்து போகும் விதத்தைக் கல்வெட்டு படிப்பது போன்ற கவனத்தோடு தொடரலாம் என்பது அவர் காட்டிய வழி. இந்த நூல்களில் சான்று நம் கண்முன் இருக்கிறது, ஏனென்றால் சான்று என்பது அந்த அறிஞர்கள் எழுதிய நூல்களேதான். இளமையில் தானே தூர ஒற்றுமைகளைத் துரத்தியவர், அந்தத் துரத்தலின் வரலாற்றை எழுதும்போது யாரையும் கேலி செய்யாமல் எழுதினார். கிர்ஷரைப் படிக்க இவரைவிடப் பரிவான வழிகாட்டி எனக்குத் தெரிந்து இல்லை.

எங்கே தொடங்குவது என்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பிரெஞ்சு தெரியாது என்றால் அனமார்ஃபோசிஸ் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1977-லிருந்து இருக்கிறது, 'பிறழ்வுகள்' 1989-ல் ஆங்கிலத்தில் வந்தது. இரண்டையும் நல்ல நூலகங்களில் தேடலாம். ஹோல்பைன் அத்தியாயத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். மினிம் துறவிகள் பற்றிய பகுதியை முதலில் படியுங்கள், அப்புறம் ஹோல்பைனுக்குப் போனால் அவர் எங்கே ஆவணத்தோடு பேசுகிறார், எங்கே மேடை அமைக்கிறார் என்று உங்களுக்கே தெரியும். லக்கானை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ரோமானெஸ்க் சிற்பத்தில் ஆர்வம் வந்தால் ஷாப்பிரோவின் அந்த விமர்சனத்தையும் கூடவே படியுங்கள். 1977-ல் வந்த அவருடைய ரோமானெஸ்க் கட்டுரைத் தொகுப்பில் அது ஆங்கிலத்தில் இருக்கிறது.